வெங்காயம் போடாத ரொட்டி

1

இந்தக் கதை எனக்குத் துணி துவைக்கும் அறையில் கிடைத்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஸ்பெயின், இத்தாலி என்று ஆசை காட்டிவிட்டுப் பின்லாந்தில் ஒரு நிலவறைக்குக் கூட்டிவந்துவிட்டான் என்று நீங்கள் பிறகு குறைப்படக் கூடாது.

தாம்பெரே நகரத்தின் ஓரத்தில், மாணவர்கள் நிறைந்த ஹெர்வந்தாவில், பதினான்கு வருஷமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறேன். நிலவறையில் இரண்டு சலவை இயந்திரங்கள். சுவரில் யாருக்கு எந்த நேரம் என்று எழுதிவைக்கும் தாள். ஞாயிறு காலை பத்து மணி என்னுடையது, பதினொன்று ஹில்லாவுடையது. எனக்கு மேல்மாடியில் இருப்பவள், கட்டடக்கலை படிக்கிறாள். தன் முறைக்குப் பத்து நிமிஷம் முன்பே வந்து, என் துணி சுற்றி முடியும்வரை கதவோரம் பேசாமல் நிற்பாள். முதல் வருஷம் வணக்கம் சொன்னாள். இரண்டாம் வருஷம் மழையைப் பற்றிப் பேசினோம். மூன்றாம் வருஷம் இதைச் சொன்னாள். இந்த ஊர் வழக்கத்துக்கு அது கொஞ்சம் அவசரம்தான்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்களில் ஒன்று:

"அக்டோபர் மாதத்து மத்தியதரைக் கடல், தன் நீல விரிப்பை உதறிப் போட்டதுபோல"

இதற்கு மேல் போக முடியவில்லை. பார்சிலோனாவிலிருந்து ஜெனோவாவுக்குப் போன அந்தக் கப்பலில் ஹில்லாவும் அவளோடு போன நண்பர்களும் கடலைப் பார்க்கவே இல்லை. ஏறியதும் நடனக் கூடம் எங்கே, அள்ளிச் சாப்பிடும் விருந்து எங்கே என்று தேடியிருக்கிறார்கள். கப்பல் என்றால் இவர்களுக்கு ஸ்டாக்ஹோமுக்குப் போகும் கப்பல்தான். இத்தாலிய மாலுமி ஒருவர், அப்படி எதுவும் இதில் இல்லை என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்ததாம்.

இன்னொன்று:

"இலையுதிர்கால விடுமுறைக்கு நான்கு நண்பர்கள் கிளம்பினார்கள்."

இது உண்மை. ஆனால் நாலாமவனை நான் வெட்டிவிட்டேன். பத்து நாள் பயணத்தில் அவன் சொன்னது மொத்தம் ஆறு வாக்கியம், அதில் இரண்டு தூக்கத்தில். அவனை எடுத்துவிட்டால் கதைக்கு ஒரு சேதமும் இல்லை. இதை அவனிடமே மாடிப்படியில் சொன்னேன். யோசித்துவிட்டு, "நன்றி" என்றான். ஆகவே இனி மூன்று பேர். (பின்னால் எங்காவது நாலு என்று வந்தால், அது அவன் விட்டுப்போன தடயம் என்று கொள்ளுங்கள்.)

3

அந்த மூவரும் இவர்கள்: ஹில்லா, ஓக்கோ, ரேத்தா. மூவரும் எனக்கு மேலே ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள்.

ஹில்லாவும் ஓக்கோவும் இந்தப் பக்கத்து ஹாமே பகுதிக்காரர்கள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் காபி வடிந்துவிடும். ரேத்தா கிழக்கே, கரேலியாவிலிருந்து வந்தவள். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வாய் ஓயாது என்று நாடே சொல்லும். பயணத் திட்டம் முழுக்க அவள் போட்டது. வலென்சியா, பார்சிலோனா, கப்பல், ஜெனோவா, பீசா, ஃப்ளோரன்ஸ். வழி கேட்டது அவள், அறை மாற்றித் தரச் சொல்லி விடுதிக்காரியுடன் மல்லுக்கு நின்றது அவள், பரிமாற வந்தவனிடம் மூன்று பேருடைய ஜாதகத்தையும் ஒப்பித்ததும் அவள்.

"நீ மூச்சு விடுறப்ப சொல்லு," என்றான் ஓக்கோ வலென்சியாவில். "அந்தக் கேப்ல நாங்க சாப்பாடு சொல்லிக்கிறோம்."

"நான் வாயை மூடிட்டேன்னு வை, நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஏர்போர்ட்லயே உக்காந்திருப்பீங்க, பஸ் தானா வந்து ஏத்திக்கும்னு."

அது சரிதான் என்று ஹில்லா நினைத்தாள், சிரித்தாள். பார்சிலோனாவில் ஒரு மதியம் தேவாலயப் படியில் தனியாகப் பத்து நிமிஷம் உட்காரலாம் என்று போனாள். ஆறாவது நிமிஷத்தில் பக்கத்தில் ரேத்தா. "ஏன்டி தனியா உக்காந்திருக்க, ஏதாவது பிரச்சினையா?" ஒன்றுமில்லை என்றாள். ரேத்தா நம்பாமல், மாலைவரை அவள் கூடவே இருந்து தேற்றினாள்.

(ஹில்லாவை இங்கே கொஞ்சம் நல்லவளாக்கலாமா என்று பார்த்தேன். ரேத்தாவுக்கு ஒரு தொப்பி வாங்கித் தந்தாள் என்று ஒரு வரி போட்டேன். அவள் தொப்பி எதுவும் வாங்கவில்லை. எடுத்துவிட்டேன்.)

4

இனி வருவது எல்லாருக்கும் தெரிந்த பாகம். மாடிவீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லப்படுவது. நானே நாலு முறை கேட்டிருக்கிறேன். தலைப்பு, "ரேத்தாவைத் தொலைத்த கதை."

ஜெனோவா ரயில் நிலையம். பீசாவுக்குப் போகும் வண்டி நின்றிருக்கிறது, ஏறியாயிற்று. பயணச்சீட்டில் இட எண் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அப்படிச் சொன்னால் இவர்கள் என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு வரிசை, நடுவில் முடிந்தவரை காலி இடம். ரேத்தா மட்டும், "எல்லாருக்கும் ஃபொகாச்சா வாங்கிட்டு வரேன்," என்று இறங்கினாள். எண்ணெய் வடியும் தட்டை ரொட்டி, அந்த ஊரில் அதுதான் விசேஷம். அவளுடைய போன் ஹில்லாவின் பைக்குள் சார்ஜில் இருந்தது. வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.

ஒன்றரை மணி நேரம் யாரும் அவளைத் தேடவில்லை.

"அவ டாய்லெட்ல இருக்கான்னு நினைச்சேன்," என்பான் ஓக்கோ.

"ஒன்றரை மணி நேரமாவா?" என்று வந்தவர் கேட்பார்.

"அது அவ சொந்த விஷயம்."

இந்த இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு ரேத்தா எழுந்து நின்று தன் பங்கைச் சொல்வாள். ரொட்டிக்காரர் அவளுக்காக நிலைய அதிகாரியைத் திட்டியது, அதிலிருந்து தான் மூன்று வசவு கற்றுக்கொண்டது, அடுத்த வண்டியில் ஒரு பாட்டுக் குழுவோடு பாடிக்கொண்டே போனது. நடித்துக் காட்டுவாள், நன்றாக இருக்கும்.

நாலாவது முறை கேட்டபோதுதான் கவனித்தேன். கதை ரயில் நிலையத்துக்கு வந்ததும் ஹில்லா எழுந்து காபி போடப் போய்விடுகிறாள். நாலு முறையும் அப்படித்தான். அடுத்த ஞாயிறு நிலவறையில் கேட்டேன், "உனக்கு அந்தக் கதை பிடிக்கலையா?"

5

"நான் பார்த்தேன்," என்றாள்.

(இதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். அழகுபடுத்தும் வேலை வேண்டாம்.)

"என்ன பார்த்த?"

"நான் பிளாட்பாரம் பக்கத்து ஜன்னல்ல உக்காந்திருந்தேன். அவ கடைல நின்னா. கையை ஆட்டி ஆட்டி அந்த ஆள்கிட்ட ஏதோ சொல்லிக்கிட்டிருந்தா. விசில் அடிச்சாங்க. அவளுக்குக் கேக்கல. நான் கண்ணாடியைத் தட்டியிருந்தா திரும்பியிருப்பா."

"தட்டலையா?"

என் துணி ஒரு சுற்று சுற்றி நின்றது. மறுபடி சுற்றியது.

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் ஹில்லாவை நம்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு கத்து கத்தினால் போயிற்று, வண்டியே நின்றிருக்கும். நானும் அவளுக்கு ஒரு சாக்கு எடுத்துக் கொடுத்தேன். "உங்க ஊர்ல ரயில்ல யாரும் சத்தம் போட மாட்டீங்களே, அந்தக் கூச்சம்."

"இல்ல," என்றாள். "அது நான் அப்புறம் எனக்கே சொல்லிக்கிட்டது. ஒரு வாரமா எனக்கு ஒரு நிமிஷம் அமைதி இல்ல. வண்டி நகர்ந்துச்சு. அவ அங்கேயே நின்னா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"கடல் தெரிஞ்ச வரைக்கும். அப்புறம் என் பைல அவ போன் அடிச்சுது. அவ அம்மா. நான் எடுக்கல. ஓக்கோ முதல்ல கேக்கட்டும், அவன் கேட்டா நானும் அப்பத்தான் கவனிச்ச மாதிரி இருக்கலாம்னு காத்திருந்தேன். அவன் கேக்கவே மாட்டேங்கிறான்."

பீசாவில் இரண்டு மணி நேரம் கழித்து ரேத்தா வந்து இறங்கினாள். கையில் எண்ணெய் ஊறின காகிதப் பை. "ஒரு செகண்ட் நீங்க வேணும்னே விட்டுட்டுப் போயிட்டீங்களோன்னு நினைச்சிட்டேன்டி," என்று சிரித்தாள். பைக்குள் நாலு ரொட்டி இருந்தது. ஒன்றைத் தனியாக எடுத்து ஹில்லாவிடம் நீட்டினாள்.

"இது உன்னோடது. வெங்காயம் போடாதது. எல்லாம் வெங்காயம் போட்டதுதான் வச்சிருந்தான், உனக்காகப் புதுசா ஒண்ணு சுட்டுத் தரச் சொல்லி அவன்கிட்ட அவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினேன். அதுலதான் வண்டி போச்சு."

"நீ என்ன செஞ்ச?" என்று ஹில்லாவிடம் கேட்டேன்.

"சாப்பிட்டேன். அங்கேயே நின்னு, முழுசா."

6

இது மார்ச் மாதம். ரேத்தா மாறிவிட்டாள் என்று எனக்கே தெரிகிறது. விருந்தினர் முன்னால் அந்தக் கதையை நடித்துக் காட்டுபவள், மற்ற நேரத்தில் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, "நான் ரொம்பப் பேசுறேனா?" என்று கேட்கிறாள். ஓக்கோ விளையாட்டாக ஆமாம் என்கிறான். மே மாதத்தோடு இங்கே படிப்பை நிறுத்திவிட்டு, சொந்த ஊர்ப் பக்கம் யோயென்சூவுக்கு மாறப்போகிறாளாம். விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டாள், இன்னும் அனுப்பவில்லை. ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது ஹில்லாவிடம் சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள்.

"அன்னிக்கு நீ ஜன்னல் பக்கம்தானே இருந்த?"

"தூங்கிட்டேன்," என்று ஹில்லா சொல்லியிருக்கிறாள்.

இதற்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள். ஹில்லா சொல்கிறாள், ரேத்தா அழுதுவிட்டுக் கட்டிப்பிடிக்கிறாள். (இந்த ஊரில் ஒருவரைக் கட்டிப்பிடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று தெரியாதவன் எழுதியது.) ஓக்கோவும் பார்த்திருந்தான், இருவரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். (ஓக்கோ அன்று தன் போனைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பழியில் பங்கு போட ஆள் சேர்த்தது என் கோழைத்தனம்.) ரேத்தா ஊருக்குப் போகிறாள், வழியனுப்பப் போன ஹில்லா பிளாட்பாரத்தில் நிற்கிறாள், வண்டி நகர்கிறது, இந்த முறை ஹில்லா

வேண்டாம். சிறுகதைப் போட்டி மலர்களில் இப்படி நிறையப் படித்திருக்கிறேன்.

போன ஞாயிறு, எழுதினவரை ஹில்லாவுக்கு அவள் மொழியில் வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் பகுதி வந்ததும் சலவைக் கூடையைக் கீழே வைத்தாள்.

"இதை அச்சுல போடப் போறியா?" (இங்கே எல்லாரும் எல்லாரையும் நீ என்பதுதான். எனக்கு நாற்பத்து மூன்று வயது, பழகிக்கொண்டேன்.)

"தமிழ்ல தானே. யார் படிக்கப் போறா?"

"ரேத்தா படிப்பா. போனைக் காட்டினா அதுவே மாத்திச் சொல்லுது. உன் கதை எல்லாத்தையும் அவ அப்படித்தான் படிக்கிறா. நல்லா இருக்குன்னு ஓக்கோகிட்ட சொன்னாளாம்."

மாடிவீட்டில் ஒரு வாசகி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சந்தோஷப்படவும் முடியவில்லை.

"எப்ப அனுப்பணும்?" என்று கேட்டாள்.

"அடுத்த ஞாயிறு மதியம்."

கூடையைத் திரும்பக் கையில் எடுத்தாள். "அதுக்குள்ள நானே அவகிட்ட சொல்லிடுறேன். சொல்லிட்டேன்னா உன் வீட்டுக் கதவுல இருக்கிற ஓட்டை வழியா ஒரு துண்டுச் சீட்டுப் போடுறேன். வச்சுக்கோ. சீட்டு வரலைன்னா அஞ்சாம் பகுதியை எடுத்துடு. சத்தியமா?"

"சத்தியமா," என்றேன்.

7

இன்று ஞாயிறு. மதியம் தாண்டிவிட்டது. இந்தப் பகுதியை முடித்ததும் அனுப்பிவிடுவேன்.

ஐந்தாம் பகுதியை நீங்கள் படித்துவிட்டீர்கள். ஆகவே இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். ஹில்லா மாடியில், அடுப்படியிலோ எங்கேயோ, ஐந்து மாதம் கழித்து அந்தக் கண்ணாடியைத் தட்டிவிட்டாள், என் வீட்டுக் கதவடியில் ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. இல்லையென்றால் சீட்டு வரவில்லை, அந்தப் பகுதி இல்லாமல் கதை சப்பென்று இருக்கிறதே என்று நான் வாக்குத் தவறிவிட்டேன். அப்படியானால் இதே பக்கத்தில் ரேத்தாவும் இப்போது போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், உங்களோடு சேர்ந்து அவளும் முதல் முறையாகத் தெரிந்துகொள்கிறாள்.

எது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. ஒரு உயிருள்ள பையனை, கதைக்கு வசதி என்று இரண்டாம் பகுதியிலேயே வெட்டிப் போட்டவன் நான். ஹில்லாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது ஒரு ஜன்னலும் ஒரு ரொட்டியும்தான். எங்கள் இருவரில் யார் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருப்பார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் முறை முடிந்துவிட்டது. பதினொரு மணிக்கு வர வேண்டிய ஹில்லா, நான் கிளம்பும்வரை நிலவறைக்கு வரவில்லை. இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், மேலே ரேத்தாவின் குரல் கேட்கிறது. வார்த்தை புரியவில்லை. பேசிக்கொண்டே போகிறாள். நடுவில் நிறுத்தி, ரொம்பப் பேசுகிறேனா என்று கேட்பாளா என்று நானும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.