அக்கரைக்குக் கேட்டது

...இல்லை, சத்தம் இன்னும் குறையவில்லை, வெயில் ஏறினால்தான் குறையும், தண்ணீர்மேல் படுத்திருக்கும் குளிர்காற்று சத்தத்தை மேலே போகவிடாமல் கீழே வளைத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடும் என்று கல்லூரியில் எத்தனை வருடமாகப் படம் போட்டுச் சொல்கிறாள் பிரிஸ்கில்லா, ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாயின் அக்கரையில் மாணவி யோகேஸ்வரி ஸ்பீக்கரைப் போட்டதும், அந்த ஒற்றை ஒலி பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தபோது, கையிலிருந்த ஒலி அளக்கும் மீட்டரைப் பார்க்கத் தோன்றவில்லை, அப்பாவின் சிரிப்புதான் ஞாபகம் வந்தது... வீட்டில் வாயே திறக்காத அப்பா, அக்கரைக் கத்தரித் தோட்டத்தில் கூட்டாளிகளோடு அப்படிச் சிரிப்பார், இக்கரைப் படியில் பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு இவள் அந்தச் சிரிப்புக்காகவே உட்கார்ந்திருப்பாள், துணி துவைக்கும் அம்மா, "கேட்டியாட்டி? நம்மகிட்ட மட்டுந்தான் அந்த மனுசனுக்கு வாய் ஒட்டிக்கிடும், இவியளக் கட்டுனதுக்கு நான் கன்னியாவே இருந்திருக்கலாம்" என்பாள், செத்த நேரம் கழித்துத் தானே சிரிப்பாள்... அம்மா இறந்தே ஆறு வருடமாகிறதா?

"மேடம், இப்ப மாத்திப் பாப்பமா? நீங்க ஸ்பீக்கரப் போடுங்க, நான் அளக்கேன்," என்றாள் யோகேஸ்வரி போனில். போட்டாள். யோகேஸ்வரி சொன்ன அளவு கிட்டத்தட்ட அதேதான், காற்று அசையாதபோது அப்படித்தானே வரும், வருகிற வழிதானே போகிற வழியும்... அப்படியென்றால்? இத்தனை காலமும் கேட்டுக்கொண்டிருந்தது தான் மட்டும் என்றல்லவா நினைத்திருந்தாள்?

ராஜபாளையத்தில் தம்பி வீட்டிலிருக்கும் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, தோட்டத்துல நிக்கையில நாங்க பேசுறது அங்கிட்டுக் கேக்குமா?"

"கேக்குமே. நீ பாடத்தச் சத்தம்போட்டுப் படிப்பேல்லா, மம்பட்டிய ஊனிட்டு நிப்பேன். அக்பரு, அசோகருன்னு என்னமெல்லாமோ வரும்."

"அம்மா பேசுறது?"

அங்கே ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அது காத்தப் பொறுத்துட்டி... நீ சாப்ட்டியா?"

காற்றைப் பொறுத்துத்தான், அவள் படித்ததும் அதுதான், மறுக்க ஒன்றுமில்லை, ஆனால் சில சாயங்காலங்களில் அப்பா வந்ததும் வராததுமாக ஒரு பால்கோவாப் பொட்டலத்தை அம்மா பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கை கால் கழுவப் போய்விடுவாரே, "இன்னிக்கு என்ன விசேசமாம்?" என்று அம்மாவும் தனக்குள்ளே கேட்டுக்கொள்வாளே... அதெல்லாம் காற்று அடங்கிக் கிடந்த நாட்களா?