சுவருக்கு இந்தப் பக்கம்

ஒந்தினாவின் ஆணியில் வேறு யாருடைய பையோ தொங்கிக்கொண்டிருந்தது. கடற்கரை வாசலில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, கைத்தடியைக் கூழாங்கற்களில் ஊன்றி ஊன்றி, எண்ணெய் பூசிப் படுத்துக் கிடந்த கால்களையெல்லாம் தாண்டி வந்தவள் முதலில் பார்த்தது அதைத்தான். வைக்கோலில் பின்னிய பெரிய பை. அதற்குக் கீழே, முப்பத்து நான்கு கோடைகளாக அவள் துண்டு விரித்து வந்த இடத்தில், ஒரு மஞ்சள் துண்டு. துண்டின் மேல் ஒருத்தி குப்புறப் படுத்திருந்தாள். யாரென்று பார்க்கக் கிட்டே போக வேண்டியதில்லை. அந்தச் செம்பட்டைக் கொண்டையை இரண்டு வருடமாக மீன் கடையிலும் பேருந்திலும் முன்னாள் கணவன் லிவியோவின் தோளுக்குப் பக்கத்தில் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள் ஒந்தினா.

இத்தாலியின் திரியெஸ்தே நகரத்தின் நடுவிலேயே இருக்கிற அந்தக் கடற்கரையை ஒரு வெள்ளைச் சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டு ஆள் உயரம். கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்களும் குழந்தைகளும். கொள்ளுப்பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான். இந்தக் காலத்தில் இது எதற்கு, இடித்துவிடலாமே என்று நகரசபையில் எவனாவது வாயைத் திறந்தால் முதலில் சண்டைக்குப் போவது பெண்கள்தான். பின்னே? மேல் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, தொந்தியை உள்ளே இழுக்காமல், எவன் கண்ணுக்கும் பதில் சொல்லாமல் நாள் முழுக்கக் கிடக்க இந்த ஊரில் வேறு எங்கே இடமிருக்கிறது?

லிவியோவை விட்டுப் பிரிந்தபோது வீடு அவனோடு போயிற்று, அது அவன் அம்மாவின் வீடு. கார் போயிற்று. நாய்கூட, நன்றி கெட்டது, அவனோடுதான் போயிற்று. மேட்டுத் தெருவில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோன ஒந்தினா அப்போது ஒரே ஒரு கணக்கில்தான் மனதைத் தேற்றிக்கொண்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் அவனால் வர முடியாது. அவன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும், எந்த வக்கீலைப் பிடித்தாலும், வாசலில் நிற்கிற ஆள் அவனை உள்ளே விடமாட்டான். உலகத்தில் லிவியோ நுழைய முடியாத இடம் என்று அவளுக்கு மிஞ்சியது இந்த ஆறடிக் கூழாங்கல்தான். இரண்டு கோடை அப்படியே போயிற்று. மூட்டு அறுவை சிகிச்சைக்காக ஆறு வாரம் அவள் வராமல் இருந்தாள். அவனால் வர முடியவில்லை, சரி, புதுப் பெண்டாட்டியை அனுப்பிவிட்டான்.

"எழுந்திரு," என்றாள்.

ஃபுல்வியா திரும்பிப் படுத்துக் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "வாங்க. ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னாங்க."

"என் இடத்துல படுத்துக்கிட்டு என்னையே வாங்கங்கறியா? எழுந்திருன்னேன்."

"இங்க யாரு பேரும் எழுதலையே. காலையில ஏழரைக்கே வந்து துண்டு போட்டேன்."

"பேரு எழுதல. ஆணி அடிச்சிருக்கேன். உன் பை தொங்குதே, அந்த ஆணிய நகரசபைக்காரனா வந்து அடிச்சான்? என் மரச்செருப்பால நான் அடிச்சது." பையைக் கழற்றிக் கீழே போட்டாள். ஒரு தக்காளி உருண்டு போய் நீவெஸின் காலில் இடித்து நின்றது.

நீவெஸும் எர்மினியாவும் பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். இருபது வருடமாக ஒந்தினாவோடு மூன்று கையாக ஆடியவர்கள். இன்றும் மூன்று கைக்குத்தான் சீட்டு போட்டிருந்தது. மூன்றாவது கைச்சீட்டு மஞ்சள் துண்டின் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்ததை ஒந்தினா பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் நீவெஸ் தக்காளியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதடி ஒந்தினா," என்றாள் தக்காளியைப் பார்த்தபடியே. "இப்பிடி வந்து உக்காரு. இங்கயும் நிழல் வரும்."

"எப்ப வரும்? அக்டோபர்லயா?"

எர்மினியா சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினாள். ஃபுல்வியா உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"உன் ஊரு உதினேயில கடல் இல்லன்னா ஆத்துல போய் முங்க வேண்டியதுதான," என்றாள் ஒந்தினா. "எங்க ஊரு ஆம்பளையும் வேணும், எங்க ஊரு கடலும் வேணுமா?"

"கடல் உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"பாத்தியா, பாத்தியா, வாங்க போங்கன்னு ஆரம்பிச்சது எங்க வந்து நிக்குது பாரு!"

சுற்றிலும் தலைகள் நிமிர்ந்தன. கடற்கரைக்கே கொண்டாட்டம். ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்த சிறுமியை அவள் அம்மா சண்டை நன்றாகத் தெரிகிற பக்கமாகத் திருப்பி உட்கார வைத்தாள். ஆனால் யாரும் ஒந்தினாவுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு வாரத்தில் இவள் என்ன சோறு போட்டாள் இவர்களுக்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிற்க முடியாமல் மூட்டு விண்விண்ணென்றது. வேறு வழியில்லாமல் நீவெஸ் காட்டிய இடத்தில், உச்சி வெயிலில், ஒரு கல் சரியாக இடுப்பெலும்பைக் குத்துகிற இடத்தில் உட்கார்ந்தாள். தண்ணீருக்குள்ளும் இறங்க முடியாது, கைப்பிடிக் கம்பி அவளுடைய இடத்துக்கு நேரேதான் இருந்தது. மூன்றாவது கைச்சீட்டை ஃபுல்வியா எடுத்துப் பார்த்து, சொல்லி வைத்தாற்போல நல்ல சீட்டாக இறக்கினாள்.

தேவாலய மணி ஒரு மணி அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீட்டு.

ஒந்தினா எழுந்து நின்றுவிட்டாள். மூட்டுவலி, கைத்தடி, விவாகரத்து எதுவும் நினைவில்லாமல் உடம்பு தானாக எழுந்துவிட்டது. கல்யாணமான புதிதில், பிரிந்து படுக்க மனமில்லாமல், சுவருக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனுமாக நேருக்கு நேர் பிடித்த இடங்கள் இவை. ஒரு மணிக்கு அவன் சீழ்க்கையடிப்பான், அவள் சாப்பாட்டுப் பெட்டியைச் சுவருக்கு மேலே எறிவாள். தின்று முடித்துப் பெட்டியைத் திருப்பி எறியும்போது அதற்குள் ஒரு பீச் பழத்தின் பாதியை வைத்திருப்பான். கிடைத்தது என்று சொல்ல அவள் கூழாங்கல்லால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். முப்பத்திரண்டு வருடம். கடைசி வருடம், வேறொருத்தி வந்துவிட்ட பிறகுகூட, பாதிப் பழம் வந்துகொண்டுதான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் நாக்கில் கசந்தது. சட்டென்று மறுபடி உட்கார்ந்தாள். நின்றதை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

ஃபுல்வியா பையிலிருந்து துணியில் முடிச்சுப் போட்ட பெட்டியை எடுத்தாள். எடுத்தவள் எறியாமல் நீவெஸைப் பார்த்தாள். நீவெஸ் சீட்டைப் பார்த்தாள்.

"நீவெஸ்," என்றாள் ஃபுல்வியா மெதுவாக.

"என்னை ஏன் பாக்குற? நீயே எறி."

ஒந்தினாவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. "நீயா?" என்றாள். "இத்தன நாளும் அவனுக்குச் சோறு எறிஞ்சது நீயாடி?"

"பின்ன என்னடி பண்றது? இவ எறிஞ்சா சுவத்துல பட்டுத் திரும்பி வருது. ஒரு நாள் எர்மினியா மண்டையில விழுந்துச்சு. நாலு தையல் போட வேண்டியிருந்திருக்கும், நல்லவேளை தொப்பி போட்டிருந்தா."

"எனக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொண்டு வரக் கை வரல உனக்கு."

நீவெஸ் சீட்டின் மேல் குனிந்துகொண்டாள். ஃபுல்வியா மேல் வந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை. நீவெஸின் அந்தக் குனிந்த கழுத்தைப் பார்க்கப் பார்க்க ஒந்தினாவுக்கு அழுகை வந்தது. கடற்கரைக்கே வேடிக்கையாகிவிடும் என்று பல்லைக் கடித்து விழுங்கினாள்.

சீழ்க்கை மறுபடி வந்தது. பின்னாலேயே குரல். "என்னதான் நடக்குது அங்க? பசி உயிர் போகுது!"

ஃபுல்வியா எழுந்து, பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். அது சுவரின் பாதி உயரத்தில் இடித்துக் கல்லில் வந்து விழுந்தது. கடற்கரை சிரித்தது. இரண்டாம் தடவை இன்னும் கீழே. சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. குட்டிச் சிறுமிகள் கைதட்டினார்கள். ஃபுல்வியாவின் காது மடல்கள் சிவந்தன. அவளுக்கும் அறுபது வயதிருக்கும், ஒந்தினா அப்போதுதான் கவனித்தாள். பரிதாபம் ஒன்றும் வரவில்லை. கணக்குத்தான் வந்தது.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய்ப் பெட்டியை எடுத்தாள். துணி விலகிய இடத்தில், கண்ணாடி போன்ற மூடிக்குள், ஆறிய சோற்றில் ஆலிவ் ஆலிவாகக் கிடந்தது. ஆலிவ் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று முப்பது வருடம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்த மனிதன்.

"நான் எறியறேன்," என்றாள். "இடத்தை விட்டு எழுந்திரு."

"ஒரு பெட்டிக்கா?"

"ஒரு பெட்டிக்குத்தான். இல்லன்னா அவன் பட்டினி கெடக்கட்டும். நீ வாசலைச் சுத்திப் போய் ஆம்பளைங்க பக்கத்து வாசல் ஆள்கிட்ட கெஞ்சிக் குடு. போற வழியெல்லாம் சிரிப்பாங்க."

ஃபுல்வியா சுற்றிலும் பார்த்தாள். எல்லா முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. குனிந்து, மஞ்சள் துண்டின் இரண்டு முனைகளைப் பிடித்து, இரண்டு துண்டகலம் தள்ளி இழுத்துப் போட்டாள்.

ஒந்தினா கைத்தடியை நீவெஸிடம் நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல். முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். புது மூட்டில் பாரத்தை இறக்கியபோது வலி இடுப்பு வரை ஏறியது. கீழிருந்து வீச வேண்டும், சுவரைப் பார்க்கக் கூடாது, சுவருக்கு மேலே தெரிகிற கலங்கரை விளக்கின் உச்சிக் கம்பியைப் பார்க்க வேண்டும். கை மறக்கவில்லை. பெட்டி சுற்றாமல் தள்ளாடாமல் மேலே போய், வெயிலில் ஒரு கணம் நின்று, சுவருக்கு அப்பால் இறங்கியது. 'தப்' என்று இரண்டு உள்ளங்கை சேர்ந்து பிடித்த சத்தம் கேட்டது.

பிறகு அந்தப் பக்கம் கூழாங்கற்கள் சரசரவென்று நகர்ந்தன.

"யாரு எறிஞ்சது?" என்றான் லிவியோ கடைசியில். "ஒந்தி?"

அந்தப் பெயரைக் கேட்டு ஃபுல்வியா துண்டின் மேல் அப்படியே உறைந்து போனாள். ஒந்தினா தன் நீலத் துண்டை விரித்தாள், பையை ஆணியில் மாட்டினாள், சுவரின் பக்கமாகத் தலை வைத்துப் படுத்தாள். நிழல் அவள் தோளைத் தொட்டது. ஜெயித்தாயிற்று. அவள் கேட்டது இதுதான், கிடைத்தும் விட்டது. ஆனால் கற்களில் வேறொருத்தியின் எண்ணெய் வாசனை ஏறியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், தலைக்கு இரண்டு முழம் தள்ளி, ஒருவன் கரண்டியால் பெட்டியைச் சுரண்டுகிற சத்தம் ஆதியிலிருந்து அந்தம் வரை கேட்டது. இரண்டு வருடமாக அவள் நுழைய விடாத ஆளைத் தானே கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தது போலிருந்தது.

எர்மினியா சீட்டைக் கலைத்தாள். எத்தனை கைக்குப் போடுவது என்று தெரியாமல் கலைத்துக்கொண்டே இருந்தாள்.

பெட்டி திரும்பி வந்தது. எந்த அறிவிப்பும் இல்லாமல் சுவருக்கு மேலே தோன்றி, நீலத் துண்டுக்கும் மஞ்சள் துண்டுக்கும் நடுவில் விழுந்து, ஒரு தடவை புரண்டு நின்றது. உள்ளே ஏதோ ஈரமாக உருண்டது. ஃபுல்வியாவின் கை பாதி வரை நீண்டு நின்றுவிட்டது. ஒந்தினா அசையவில்லை. இத்தனை நாள் இவளுக்கும் அவன் பாதிப் பழம் அனுப்பினானா, இல்லை இன்றைக்குத்தானா? அதைக் கேட்டால் இருவரில் ஒருத்தி தோற்றுப் போவாள். மூடியின் இடுக்கில் ஒரு குளவி வந்து உட்கார்ந்து, எழும்பி, மறுபடி உட்கார்ந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் காத்திருந்தான். ஒந்தினாவின் உள்ளங்கைக்கு அடியில் ஒரு கூழாங்கல் வெயிலில் காய்ந்து சூடாகக் கிடந்தது. ஃபுல்வியா பெட்டியை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.