ஐந்தாம் நாற்காலியின் கடைவாய்ப்பல்

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த அண்ணி என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொண்ணு," என்றார்.

"என்ன முப்பத்தொண்ணு?"

"ஒரு துண்டு கறிய விழுங்கறதுக்கு நீ மென்னது. அது கறியோட குத்தம், உன் குத்தமில்ல. சாப்பிடு."

அண்ணி மாட்டிறைச்சி ஆய்வகத்தில் விஞ்ஞானி. ஒரு துண்டு ஏன் வாயில் கரைகிறது, இன்னொன்று ஏன் செருப்புத் தோல் மாதிரி இழுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஊரார் மெல்லுவதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கிற ஒருவர் குடும்பத்திலேயே இருக்க, நான் ஏன் காதல் கதைகளைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டும்? அவரைப் பற்றி எழுதலாமா என்று அன்றே கேட்டேன்.

"எழுதிக்கோ. பொய்யா மட்டும் எழுதாதே," என்றார். பெரிதாகத் தலையாட்டி வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "சிவப்பு விளக்கு மட்டும் எரிந்த அறையில், எட்டுப் பேர் ஒருவரையொருவர் பார்க்காமல்—"

நிறுத்திவிட்டேன். கொலை விழப்போகிறது என்று நினைத்திருப்பீர்கள். நடப்பது சுவைப் பரிசோதனை. கறி நன்றாக வெந்ததா, அரைகுறையா என்பதை நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான் சிவப்பு விளக்கு. எட்டுத் தடுப்புகள், எட்டு நாற்காலிகள். ஒவ்வொருவருக்கும் மூடிபோட்ட கிண்ணத்தில் ஒரே அளவில் வெட்டிய கறித்துண்டு. மென்று, குவளையில் துப்பிவிட்டு, எவ்வளவு மிருது என்று ஒன்றிலிருந்து எட்டுக்குள் (எட்டு என்றால் மிக மிருது) மதிப்பெண் போட வேண்டும். அடுத்த துண்டுக்கு முன் ஆப்பிள் கடித்து, தண்ணீர் குடித்து வாயைச் சுத்தம் செய்ய வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: "அறிவியல் என்பது உண்மையை நோக்கிய—"

(இதை அடித்துவிட்டதற்கு எனக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்.)

மூன்றாம் தொடக்கம்: "வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுத்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமையும் அண்ணியின் கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது."

இது நிற்கும் போலிருக்கிறது.

3

வெட்டிய மாட்டைக் குதிகால் நரம்பில் கொக்கி மாட்டித் தொங்கவிடுவது வழக்கம். கொக்கியை இடுப்பெலும்புக்கு மாற்றினால் முதுகுத் தசை இழுபட்டு நிற்கும், விறைக்கும்போது சுருங்க இடமிருக்காது, கறி மிருதுவாகும். வயதான மாடுகளிலும் இது பலிக்குமா என்பதுதான் அண்ணியின் மூன்று வருட உழைப்பு. பலித்தால், இறைச்சிக்கூடங்கள் புது இயந்திரம் எதுவும் வாங்க வேண்டாம். கொக்கி இருக்கும் இடத்தை மாற்றினால் போதும்.

வெந்த கறியை அறுக்க எவ்வளவு விசை தேவை என்று அளக்கும் இயந்திரம் "பலிக்கிறது" என்றது. ஆனால் இயந்திரமா சாப்பிடப்போகிறது? பதினாறு அமர்வுகளாக எட்டுப் பேர் மென்று போட்ட மதிப்பெண்கள் "வித்தியாசம் இல்லை" என்றன. உற்றுப் பார்த்தால் எட்டுப் பேர் அல்ல, ஒருவர். ஏழு நாற்காலிகள் ஒரு பக்கம் போக, ஐந்தாம் நாற்காலி பல அமர்வுகளில் எல்லாவற்றுக்கும் மூன்று, மூன்று, இரண்டு என்று போட்டு மொத்தத்தையும் கவிழ்த்திருந்தது.

அண்ணி கோப்பைப் பிரதி எடுத்தார். ஐந்தாம் நாற்காலியை முழுதாக நீக்கினார். கணக்கிட்டார். அழகான முடிவு வந்தது. திருடியவர் மாதிரி கணினியை மூடிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பதில் பிடிக்கவில்லை என்பதற்காகப் பதில் சொன்னவரைத் தூக்க முடியாது. தூக்க வேண்டுமென்றால் மதிப்பெண்ணுக்குச் சம்பந்தமில்லாத காரணம் ஒன்று வேண்டும். அண்ணியிடம் அது இல்லை. மூன்று வருடமும் வீண்தானா?

4

ஐந்தாம் நாற்காலி யார்? முதல் பிரதியில் அவரை யாரோ ஏவிவிட்ட ஆளாக எழுதினேன். கறுப்புக் கண்ணாடிகூடப் போட்டுவிட்டேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன். அவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். எட்டுப் பேரில் கெட்டிக்கார நாக்கு அவருடையதுதான். ஒரே கறியை வேறு வேறு எண் போட்டு இரண்டு தரம் கொடுத்தாலும் ஒரே மதிப்பெண் போடுவார். அதனால்தான் அண்ணிக்கு அவர்மீது சந்தேகம் வரவில்லை. தன்மீதுதான் வந்தது.

5

புதன்கிழமை அதே எட்டுப் பேருக்கு வேறொரு ஆய்வுக்கான அமர்வு. முடிந்ததும் அண்ணி தானே குவளைகளை எடுக்கப் போனார். ஏழு குவளைகளில் மென்ற கூழ். ஐந்தாவதில் துண்டுகள் ஓரத்தில் மட்டும் கடிபட்டு முழுசாகக் கிடந்தன. நடத்துநரை அறைக்குக் கூப்பிட்டார்.

"சார், வாயில ஏதாவது தொந்தரவா?"

"எனக்கா? கல்லைக் குடுங்க மேடம், கடிச்சுக் காட்டறேன்."

"கல்லு வேண்டாம். இந்த ஆப்பிளைக் கடிங்க."

அவர் ஆப்பிள் துண்டை வாங்கி இடது பக்கமாக ஒதுக்கினார்.

"வலது பக்கம் மெல்லுங்க சார்."

நடத்துநர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "கடைவாய்ப் பல்லு ரெண்டா பொளந்துபோச்சு மேடம்."

"ஒவ்வொரு தடவையும் வாயில வலி இல்லைன்னு சீட்டுல கையெழுத்துப் போட்டீங்களே!"

"போட்டேன். வலின்னு எழுதினா நாற்காலிய வேற யாருக்காவது குடுத்துருவீங்க. வீட்ல நான் வாயைத் தொறந்தாலே எம்பொண்டாட்டி டிவி சத்தத்தைக் கூட்டறா. இங்கதான் மேடம் என்னை ஒரு ஆளா மதிச்சு அபிப்பிராயம் கேக்கறாங்க."

கோபப்பட வேண்டிய இடம் இது. ஆனால் அண்ணிக்கு உள்ளே ஒரு பெரிய 'அப்பாடா' எழுந்தது. ஒரு மனிதரின் வலியில் தனக்குச் சந்தோஷம் வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"எப்பலேர்ந்து?"

நடத்துநர் சட்டைப்பையிலிருந்து பல் டாக்டரின் சீட்டை எடுத்தார். ஒரு நாள் காலையில் கொட்டைப்பாக்கைக் கடித்து உடைத்துக்கொண்டவர், அன்று மாலையே போய்க் காட்டியிருக்கிறார். பிடுங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைத்தான் தள்ளிப்போட்டிருக்கிறார். சீட்டிலிருந்த தேதி, ஆறாவது [திருத்தம்: பதினொன்றாவது] அமர்வுக்கு முந்தைய நாள்.

"முதல்ல போய்ப் பல்லைப் பிடுங்குங்க. ஆறினப்புறம் வாங்க. பழையபடி பரீட்சை வெப்பேன். பாஸானா நாற்காலி உங்களுக்குத்தான்."

"அதுவரைக்கும் வேற ஆள் போட மாட்டீங்களே?"

"காலியாவே கெடக்கட்டும். நாற்காலிக்கு ஒண்ணும் வலிக்காது."

நடத்துநர் ஒரு பக்கக் கன்னத்தால் சிரித்தார். பல் டாக்டரிடம் போக இவ்வளவு குஷியாகக் கிளம்பிய ஆளை அண்ணி பார்த்ததில்லை.

6

மேலே ஒரு திருத்தம் அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இதற்குப் பிறகு ஒரு வெற்றி முடிவு எழுதியிருந்தேன். கணக்கு சரியாகிறது, ஆய்வகத் தலைவர் கைகுலுக்குகிறார், அண்ணன் இனிப்பு வாங்கிவருகிறார். அண்ணிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"தம்பி, ஆறாவது அமர்வுன்னு யாரு சொன்னா?"

"நீங்கதான் அண்ணி."

"நான் பதினொண்ணுன்னு சொன்னேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். "அது... கதைதானே அண்ணி."

"கதைதான். பதினொண்ணுலேர்ந்துன்னா அவரோட கடைசி ஆறு அமர்வுதான் போகும். மிச்சப் பத்தும் கணக்குல நிக்கும். முடிவு எப்படி வேணா வரலாம். அது உனக்குப் பயமா இருந்துச்சு. அதனால ஜெயிக்கற மாதிரி முடிவை மொதல்ல எழுதிட்டு, அதுக்குத் தோதா பல்லை முன்னாடியே உடைச்சிருக்கே. எங்க ஆபீஸ்ல இதுக்கு வேலையே போயிரும்."

அண்ணி அதோடு விடவில்லை.

"அந்த மனுஷன் பட்ட வலி போதாதா? நீ வேற சேத்து அஞ்சு அமர்வுக்கு வலிக்க விட்டிருக்கே."

தேதியைத் திருத்தினேன். இனிப்பு, கைகுலுக்கல் எல்லாவற்றையும் கிழித்தேன். நாலு நாளாகப் போராடி எழுதிய முடிவு போனதில் துக்கம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை, மனசு லேசாகத்தான் இருந்தது.

7

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வியாழக்கிழமை காலை அண்ணி ஆய்வகப் பதிவேட்டைத் திறந்தார். கணினியைத் தொடவில்லை. ஐந்தாம் நாற்காலியின் எந்தெந்த மதிப்பெண்கள் நீக்கப்படுகின்றன, ஏன், எந்தத் தேதியிலிருந்து என்று எழுதினார். பல் டாக்டர் சீட்டின் நகலை ஒட்டினார். பேனாவை மூடப்போனவர் மூடவில்லை. செவ்வாய்க்கிழமை ஐந்தாம் நாற்காலியை முழுதாக நீக்கித் தான் ஏற்கெனவே ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துவிட்டதாகவும், வந்த முடிவு தனக்குப் பிடித்திருந்ததாகவும் கீழே சேர்த்தார். யாரும் கேட்காத வரி அது. அதைப் படிக்கிற எவரும் நாளை அவரைச் சந்தேகிக்கலாம். எழுதியதும்தான் மூன்று நாளில் முதல்முறையாக அவருக்கு மூச்சு முழுதாக இறங்கியது. பக்கத்து மேசைக்காரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிவிட்டு, கணினிமுன் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்.

முடிவு மூன்று விதமாக வந்திருக்கலாம். இடுப்புக் கொக்கி ஜெயித்தது. தோற்றது. இன்னும் பல மாடுகளைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றது. உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை.

அறிக்கை வெளிவரும்வரை சொல்ல மாட்டேன் என்றுவிட்டார் அண்ணி. நானும் துருவவில்லை. தெரிந்திருந்தால், அந்த நடத்துநரின் பல்லை மறுபடியும் ஏதாவதொரு தேதியில் உடைத்துவைத்திருப்பேன்.