ஒரு மூடி கிருமிநாசினி

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் பதினோரு வருஷம் உழைத்தவளுக்கு ஒன்றின் மேல்தான் முழு நம்பிக்கை: கிருமிநாசினி. சீழ் பட்ட விரிப்பானாலும் தொட்டியில் அந்த மருந்து விழுந்துவிட்டால் பயமில்லாமல் கை வைப்பாள். அதனால் பிறப்புறுப்பில் அரிப்பு தொடங்கியபோது, சின்னக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி வந்து, குளிக்கும் வாளியில் ஒரு மூடி கலந்து கழுவினாள். எரிந்தது. எரிந்தால் கிருமி சாகிறது என்று நினைத்தாள். மறுநாள் இரண்டு மூடி.

மூன்றாவது வாரம் உட்கார முடியவில்லை. சிவந்து வீங்கி, உள்ளாடை உரசினாலே உயிர் போயிற்று. திரிந்த பால் மாதிரி வெள்ளைப்பட்டது. அதைப் பார்த்த அன்றுதான் செத்துப்போன அக்கா நினைவுக்கு வந்தாள். அக்காவுக்கும் வெள்ளைப்படுதலில்தான் ஆரம்பித்தது. ஒரு வருஷம் மூச்சு விடாமல் மறைத்தாள். டாக்டரிடம் போனபோது கர்ப்பப்பை வாயில் புற்று முற்றியிருந்தது.

புருஷனிடம் முதுகுவலி என்று சொல்லித் தனியே தரையில் படுத்தாள். விளக்கணைத்த பிறகு இருவரும் விழித்திருப்பது இருவருக்கும் தெரிந்தது.

கூடத்தில் இஸ்திரி போடுகிறவளை எல்லோரும் இஸ்திரிக்கா என்பார்கள். இவள் நடையைப் பார்த்துவிட்டு, "என்னடி, குதிரையேறி வந்தியா?" என்று சிரித்தாள். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"உங்கக்கா மாதிரி நீயும் வாயத் தச்சுக்கிட்டே போகப்போறியா?"

கையைப் பிடித்து மாடியிலிருந்த பெண்கள் பிரிவுக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா ஒவ்வொன்றாய்க் கேட்டார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, புதிதாய் ஏதும் மாத்திரை சாப்பிட்டாளா, புருஷனுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா, எந்தச் சோப்பு. கிருமிநாசினி என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"துணிக்குப் போடுறத உடம்புல ஊத்துனீங்களா? அங்க காவலுக்குன்னே நல்ல கிருமி இருக்கும்மா. அதையும் சேர்த்துக் கொன்னுட்டீங்க."

பிறகு தாகம் அதிகமா, ஒன்றுக்கு அடிக்கடி போகிறாளா என்று விசாரித்தார். ஆமாம் என்றாள். அது எதற்கென்று புரியவில்லை. அக்காவுக்கு வந்ததுதானா என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டாள். கர்ப்பப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அதுவரை ஒரு களிம்பும் வெறும் தண்ணீரும்தான்.

எரிச்சல் குறையக் குறைய அவளுக்குக் கிலி கூடியது. அக்காவுக்கும் நடுவில் சில நாள் சரியாகத்தான் இருந்தது. சோறு வடிக்கும்போது, தான் இல்லாத வீட்டில் இந்தப் பானையை யார் தூக்குவார் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

எட்டாம் நாள் டாக்டரம்மா தாள்களை நிதானமாகப் புரட்டினார்.

"கர்ப்பப்பை வாய்ல ஒண்ணுமில்ல, புற்று இல்ல. இது பூஞ்சைத் தொற்று. உங்களுக்குச் சக்கரை ஏகத்துக்கு ஏறிக்கெடக்கு, அதான் அது ஓயாம வளருது. நீங்க ஊத்துனது புண்ண இன்னும் கெளறிவிட்டுருச்சு. சக்கரைக்கு இனிமே தொடர்ந்து மாத்திரை போடணும்."

"சக்கரைதானா?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது.

"சக்கரைன்னா எல்லாரும் அழுவாங்கம்மா."

எழுந்து வெளியே வரும்போது அந்தச் சிரிப்பு அழுகையாகியிருந்தது. இஸ்திரிக்கா அவள் கண்ணீரைப் பார்த்து வெளிறிப்போய், என்ன சொன்னார்கள் என்றுகூடக் கேட்காமல் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். புற்று இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். தேம்பல்தான் வந்ததே தவிர, வார்த்தை வரவில்லை.