பதினேழாவது பாட்டு

பாட்டுகள் முதலில் வந்தன. கதை பின்னால் வந்தால் போதும் என்றார்கள்.

மொத்தம் பதினேழு. எல்லாம் ஒரே குழு பாடியவை. பேருந்திலும் பல் ஆஸ்பத்திரியிலும் அடுத்த வீட்டுக் குளியலறையிலும், வேண்டாமென்றாலும் காதில் விழுபவை. தயாரிப்பாளர் அவற்றை ஒரு தாளில் வரிசையாக அச்சடித்து மேசைமேல் வைத்தார். பத்து வருடத்துக்கு முன் ஓடு ஓடென்று ஓடிய ஒரு சினிமாவை மேடையில் இசை நாடகமாகப் போடப்போகிறார். சினிமாவில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. பதினேழையும் அதற்குள் நுழைக்க வேண்டும். சினிமாவை எழுதியவள் யாரோ அவளே நுழைத்துத் தரட்டும் என்பது அவர் ஏற்பாடு.

வீட்டில் அவள் சின்னவள். மற்ற இடங்களில் ரைட்டரம்மா.

பாட்டுகள் இசை நிறுவனத்துக்குச் சொந்தம். ஓர் எழுத்தை மாற்றக்கூடாது, ஒரு பாட்டையும் விடக்கூடாது, பதினேழாவது பாட்டுதான் கடைசியில் வர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பாட்டு வளையாததால் கதை வளைந்தது. முழுக்க முழுக்கக் கோடையில் நடக்கும் கதையில் நாலாவது பாட்டுக்காக மழை பெய்தது. ஏழாவது பாட்டில் ரயில் ஓடியதால் கதையில் வரும் பக்கத்து வீட்டுக்காரிக்கு ரயில் ஓட்டும் தம்பி ஒருவன் முளைத்தான். பதினொன்றாவது பாட்டு ஒரு நாய்க்குட்டியைப் பற்றியது. சின்னவள் மூன்று நாள் சண்டை போட்டாள். நாய்க்குட்டி வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். நாம் விட்டால் வேறு யாரையாவது வைத்து இன்னும் குட்டிச்சுவராக்குவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இப்படிச் சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லோரும் எதையாவது கெடுத்துக்கொண்டிருப்பவர்கள்தான். அது அவளுக்கும் தெரியும்.

கதை இதுதான். ஒருவன் காலையில் வேலைக்குப் போகும்போது மனைவியை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போகிறான். ஏழு வருடம். ஒரு நாள் அவள் சமையலறைக் கத்தியால் கதவின் கீல்களைத் திருகிக் கழற்றிவிட்டுப் போய்விடுகிறாள். சாயங்காலம் அவன் வந்து நிற்கிறான். அவள் தெருமுனையில் நின்று ஒரு தடவை பார்க்கிறாள். அவ்வளவுதான். கடைசிப் பன்னிரண்டு நிமிடம் அவள் வாயே திறப்பதில்லை. படம் முடிந்து வெளியே வந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் அது ஓடியது.

அது அக்காவின் கதை. அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணுக்கு அளவு பார்க்கிற வேலை. சினிமா எழுதும்முன் சின்னவள் அவளிடம் போய்க் கேட்டாள். அக்கா கையிலிருந்த லென்ஸைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"என்ன வேணா எழுதிக்கோ. நான் அழகா இருந்தேன்னுகூட எழுது. அவனை மன்னிச்சேன்னு மட்டும் எழுதாத."

பதினேழாவது பாட்டு மன்னிப்புப் பாட்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுவது. தப்பு பண்ணிட்டேன், தனியா நிக்கறேன் என்று அவன் இழுப்பான். 'கோபமில்லே, உள்ளே வா' என்று அவள் பதில் சொல்வாள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

இந்தப் பாட்டு வேண்டாம் என்று சின்னவள் சொல்லிப் பார்த்தாள். கதைக்கு நேர் எதிர் என்று விளக்கினாள். தயாரிப்பாளர் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவருக்கு எந்தக் கஷ்டமும் இல்லை.

"ஜனங்க இந்தப் பாட்டுக்காகத்தான் வருவாங்க மேடம். அந்தப் பொண்ணு ரெண்டரை மணி நேரம் கஷ்டப்பட்டாச்சு. கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து நின்னா என்ன குறைஞ்சிடும்?"

"கதை குறைஞ்சிடும்."

"கதைதான் ஏற்கனவே சினிமாவா ஓடிடுச்சே."

அன்று வீட்டுக்குப் போய் ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவது போலப் படித்தாள். மாற்றக்கூடாது என்று இருந்தது. விடக்கூடாது என்று இருந்தது. பாட்டு முழுதாக ஒலிக்க வேண்டும் என்று இருந்தது. இரண்டு பேரும் வாயைத் திறக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

கடைசிக் காட்சியை இப்படி எழுதினாள். அவன் தன் வரிகளைப் பாடுகிறான். அவள் வரி வரும்போது வாத்தியங்கள் மட்டும் வாசிக்கின்றன. அவள் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நாலு தடவையும் நிற்கிறாள். பிறகு போகிறாள்.

இயக்குநர் முன்பு நடனம் கற்றுக்கொடுத்தவர். எதையும் உடம்பில் பார்த்தால்தான் நம்புவார். எழுந்து நின்று, தானே அந்தப் பெண்ணாக நின்று பார்த்தார். ஜனம் உட்கார்ந்த இடத்திலேயே உறைந்துவிடும் என்றார். தயாரிப்பாளரின் வக்கீல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குற்றம் சொல்ல இடமில்லை என்றார். கதாநாயகியாக வந்தவள் விளம்பரங்களுக்குப் பின்குரல் பாடிக்கொண்டிருந்த பெண். குரல் உச்சத்துக்குப் போகும்போது கிறீச்சிடும் என்பதால் எல்லோரும் அவளைக் கீச்சு என்றே கூப்பிட்டார்கள். ஒத்திகையில் கீச்சு வாயை மூடிக்கொண்டு நின்ற அன்று டிரம்ஸ் வாசிப்பவர் தாளம் தப்பினார். விளக்குக்காரர் விளக்கை மாற்ற மறந்துபோனார்.

சின்னவள் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சனிக்கிழமை மத்தியானம் வெள்ளோட்டம், வந்துவிடு, நீ சொன்னபடிதான் முடித்திருக்கிறேன் என்றாள். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

நாலு மாதம் அத்தனை பேர் ஒத்திகை பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை. ஒத்திகையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வேலை செய்கிறவர்கள். அவர்கள் பாடவில்லை.

சனிக்கிழமை அரங்கு நிரம்பியிருந்தது. எண்ணூறு பேர். அக்கா கடைக்குக் கட்டும் சேலையிலேயே வந்து சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் பாட்டிலேயே பின்னால் சிலர் முணுமுணுத்தார்கள். மழைப் பாட்டுக்குக் கை தட்டினார்கள். நாய்க்குட்டிக்கு எழுந்தே நின்றார்கள். அக்கா எதற்கும் அசையவில்லை. இடைவேளையில் அந்த நாய் எங்கேயிருந்து வந்தது என்று மட்டும் கேட்டாள்.

பதினேழாவது பாட்டு தொடங்கியது. கணவனாக நடித்தவன் உருகிப் பாடினான். அவள் வரி வந்தது. கீச்சு வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு நொடி அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சின்னவள் நாலு மாதம் காத்திருந்த நொடி அது.

பின்வரிசையில் ஒரு பெண், பாவம் இந்தப் பிள்ளைக்கு வரி மறந்துபோச்சு என்று நினைத்திருக்க வேண்டும், எடுத்துக் கொடுத்தாள்.

"கோபமில்லே..."

ஐந்தாறு பேர் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது தடவை பாதி அரங்கு பாடியது. மூன்றாவது தடவை எல்லோரும். தலைக்கு மேல் கையை அசைத்து அசைத்து, கண்ணீரும் சிரிப்புமாக, உள்ளே வா உள்ளே வா என்று அவனைக் கூப்பிட்டார்கள். அவன் முதலில் திகைத்தான். நடிகன் அல்லவா, உடனே சுதாரித்துக்கொண்டான். கீச்சுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மிச்சத்தை அவர்களைப் பார்த்துப் பாடினான். அவர்கள் அவனை மன்னித்தார்கள். மேடையில் ஒரு ஓரமாக அவள் மரம் மாதிரி நின்றாள்.

அக்காவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் நல்லவள். அக்கா மட்டும் பாடாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, பாடிக்கொண்டே குனிந்தாள்.

"வரி தெரியலையாம்மா? 'கோபமில்லே, உள்ளே வா'ன்னு வரும். கூச்சப்படாம பாடுங்க."

"வரி தெரியும்," என்றாள் அக்கா. "எனக்குக் கோபம் இருக்கு."

அந்தப் பெண் அதை நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டாள். சிரித்து, அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நாலாவது தடவை பாடப் போய்விட்டாள்.

நாடகம் முடிந்து, படிக்கட்டில் கூட்டம் இறங்கும்வரை அக்காவும் சின்னவளும் சுவரோரம் நின்றார்கள். இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றாள் சின்னவள். இரண்டு தடவை சொன்னாள். அக்கா கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா வீட்டுல என்னையும் அவனையும் உட்கார வெச்சு சமாதானம் பேசினாங்க, நீ அப்போ ஹாஸ்டல்ல இருந்தே. பதினாலு பேர். நான் வாயே திறக்கலை. திறக்காம இருந்தா என் கோபம் தெரியும்னு நினைச்சேன். அம்மா சொன்னா, அவளுக்கு ஒண்ணும் கோபமில்லைன்னு. எல்லாரும் சந்தோஷமா எழுந்துட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அவன் வீட்டுலயே இருந்தேன்."

இந்தக் கதையை அக்கா இதுவரை சொன்னதில்லை.

"நான் சும்மா இருந்தா எனக்காக வேற யாராவது பேசிடுவாங்கடி. நீ மாட்டேன்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா வேற ஆளை வெச்சு எழுதியிருப்பாங்க."

"எழுதட்டுமே. அது அவங்க எழுதினதா இருந்திருக்கும்."

பேருந்து நிறுத்தம்வரை கூட வருகிறேன் என்றதற்கு அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். சின்னவள் உள்ளே திரும்பி வந்தபோது அவள் காது மடல் கொதித்தது.

மேடைமேல் நாற்காலிகளைப் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தயாரிப்பாளர் உட்காரவில்லை. உட்கார முடியாத சந்தோஷம். நாளையிலிருந்து அந்த வரியை நாலு தடவையும் பெரிய திரையில் எழுத்தாகக் காட்டலாம் என்றார். முடிவில் எல்லோரும் வந்து வணக்கம் சொல்லும்போது, கணவனும் மனைவியும் கடைசியாகக் கைகோத்து ஓடி வர வேண்டும், வாத்தியங்கள் மறுபடியும் கோபமில்லே வாசிக்க வேண்டும், ஜனம் மறுபடியும் பாடும் என்றார்.

அந்தப் பாட்டை எடுங்கள் என்றாள் சின்னவள்.

"மேடம், இத்தனை நாள் நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். நாயைக்கூட சின்னதாத்தான் போட்டேன். இப்போ ஜனங்களே பாடறாங்க. அவங்க வாயை நான் பொத்தவா?"

அவள் அதற்குப் பிறகு சொன்னதை எழுத முடியாது. அவளுக்கே அந்த வார்த்தைகள் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது. இயக்குநர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரைட்டர்னா உணர்ச்சி இருக்கத்தான் செய்யும் என்று மற்றவர்களுக்கு விளக்கினார். கூட்டம் கலைந்தது. திரைக்கு ஆள் சொல்லியாயிற்று.

மேக்கப் அறையில் கீச்சு பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதி முகம் கதாநாயகி, பாதி முகம் களைத்த பெண். சின்னவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கீச்சுதான் பேசினாள்.

"பின்னாலேர்ந்து எண்ணூறு பேர் சேர்ந்து என்னை அவன் மேல தள்ளற மாதிரி இருந்துச்சு ரைட்டர்."

நாளைக்குத் தானே வாயைத் திறந்து, கோபம் இருக்கு, வெளியே போ என்று மாற்றிப் பாடிவிடவா என்று கேட்டாள். ஓர் எழுத்து மாறினாலும் நாடகத்தையே நிறுத்திவிடுவார்கள், நாற்பது பேர் பிழைப்பு என்றாள் சின்னவள். கீச்சு பஞ்சைக் கூடையில் போட்டாள். இன்னொரு பஞ்சை எடுத்தாள்.

"கடைசி வணக்கம் ஒப்பந்தத்துல இருக்கா?"

"இல்லை."

"அப்போ நான் வரலை."

அவளுக்கு என்ன ஆகும் என்று சின்னவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கீச்சுவின் தோளைப் பிடித்து அழுத்திவிட்டு எழுந்தாள்.

ஞாயிறு மத்தியானம் எழுத்துகள் திரையில் வந்தன. எந்த எழுத்தைப் பாட வேண்டும் என்று காட்ட ஒரு சிவப்புப் பந்து அவற்றின் மேல் குதித்துக் குதித்துப் போயிற்று. எண்ணூறு பேரும் பந்தின் பின்னாலேயே போனார்கள். கீச்சு நின்றாள், பிறகு போனாள். அவள் போனதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பந்து இன்னும் குதித்துக்கொண்டிருந்தது.

வணக்கம் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். ரயில் ஓட்டும் தம்பி வந்தான். நாய்க்குட்டி வந்ததும் அரங்கு அதிர்ந்தது. கணவன் வந்து, மேடையோரத் திரைச்சீலையை நோக்கிக் கையை நீட்டினான். வாத்தியங்கள் கோபமில்லே வாசித்தன. ஜனம் தாளம் போட்டுக் கை தட்டியது.

கை நீட்டியது நீட்டியபடி இருந்தது.

வாத்தியங்கள் இன்னொரு தடவை வாசித்தன. மூன்றாவது தடவை வாசிக்கும்போது கைதட்டல் அங்கங்கே ஓய்ந்தது. அவன் சிரித்துக்கொண்டே திரைச்சீலைப் பக்கம் ஏதோ சொன்னான். சிரிப்பு போய்விட்டது. யாரோ விசிலடித்தார்கள். வரச் சொல்லுங்க என்று ஒரு குரல். டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கோம், ஒரு வணக்கம் போட முடியாதா அவளுக்கு என்று இன்னொரு குரல். திமிரு என்றாள் ஒருத்தி, தெளிவாக. டிரம்ஸ் நின்றது. பிறகு எல்லாம் நின்றது. அவன் கையைக் கீழே போட்டான்.

சின்னவள் அரங்கின் வெளிக்கூடத்தில் தூணோரம் நின்று, கூட்டம் போவதைக் கேட்டாள். நல்லா போயிட்டிருந்துச்சு, கடைசியில கெடுத்துட்டா என்றார் ஒருவர். அவளுக்கு என்ன கோபமாம் என்று மனைவியைக் கேட்டார். மனைவி நடையை எட்டிப் போட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு சின்னவளுக்குப் பசித்தது. தொலைபேசியில் அக்காவைக் கூப்பிட்டாள்.

கீச்சு வணக்கத்துக்கு வரவேயில்லை, எல்லோரும் எரிச்சலோடு போகிறார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு இப்போ எங்கே?"

"மேக்கப் ரூம்ல."

"கூட யாரு?"

சற்றுமுன் தயாரிப்பாளரும் வக்கீலும் அந்தப் பக்கம் வேகமாகப் போனதை அவள் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு, கூட்டம் பேசுவதைக் கேட்க நின்றிருந்தாள். அதை அக்காவிடம் சொன்னாள்.

"அப்புறம் என்கிட்ட என்னடி பேச்சு," என்று அக்கா வைத்துவிட்டாள்.

சின்னவள் ஓடினாள். தயாரிப்பாளரின் குரல் நடையிலேயே கேட்டது. கீச்சு கண்ணாடி முன்னால் மேக்கப்போடு உட்கார்ந்திருந்தாள். உதடு இறுகியிருந்தது. உனக்குப் பதில் நாளைக்கே பத்துப் பேர் வருவார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வக்கீல் கையில் தாள்கள்.

"நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன்," என்றாள் சின்னவள்.

அது பாதிதான் உண்மை. கீச்சு கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள்.

"நாளைக்கு வருவாளா மாட்டாளா?" என்று தயாரிப்பாளர் சின்னவளைக் கேட்டார்.

சின்னவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, கீச்சுவைப் பார்த்தாள்.

"மாட்டேன்," என்றாள் கீச்சு.

"என் பேரையும் எடுத்துடுங்க," என்றாள் சின்னவள். "நான் எழுதலை."

வக்கீல் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாள்களைப் பிரித்தார். சின்னவள் கீச்சுவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.