மோச்சிக்குச் சம்மதம் கேட்கவில்லை

சாவதில் ஹனாவாவை அடித்துக்கொள்ள டோக்கியோவில் ஆள் கிடையாது. கணினி விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்பவர். அம்பு பட்டு, தீயில் வெந்து, டிராகன் வாய்க்குள் போய் என்று காலையெல்லாம் விதவிதமாகச் செத்துவிட்டு, மத்தியானம் ஒன்றும் நடக்காததுபோல நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருப்பார்.

அதனால்தான் இயக்குநர் மியாகேயின் புது வழக்கம் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. இந்தத் தொழிலில் நடிகர் கைக்கு வசனம் மட்டும்தான் வரும், கதை வராது. போன மாதம் ஒரு சின்னப்பெண் என்ன காட்சி என்றே தெரியாமல் சித்திரவதைக்குக் கதறிவிட்டு, வெளியே வந்தும் அழுகையை நிறுத்த முடியாமல் தவித்தாள். அன்றிலிருந்து மியாகே கொடூரக் காட்சி ஒவ்வொன்றையும் முன்னாடியே சொல்லி, சம்மதம் வாங்கித்தான் மைக்கைத் திறப்பாள்.

"ஹனாவா-சான், அடுத்ததுல பேய் உங்க குடலை உருவுது. பரவாயில்லையா?"

"தாராளமா உருவட்டும்மா. மெதுவாவா, சட்டுனா?"

"மெதுவா. ஒரு மாதிரி இருந்தா சொல்லுங்க, நிறுத்திடலாம்."

"நீ இப்படித் தாங்கித் தாங்கிக் கேட்டா செத்தவன் எழுந்து உட்கார்ந்துடுவான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளன் தோபே சிரிப்பது தெரிந்தது. அவர்கள் பொத்தானை அழுத்திப் பேசினால்தான் இவர் காதுக்குக் கேட்கும். மற்றபடி அங்கே நடப்பதெல்லாம் ஊமைப்படம்.

குடல் ஒரே தடவையில் முடிந்தது.

"அடுத்தது ஜாலியான காட்சி," என்றாள் மியாகே. "பேராசை பிடிச்ச சத்திரக்காரர் புத்தாண்டு விருந்துல மோச்சி உருண்டைங்களை மொத்தமா வாயில அடைச்சுக்கிட்டு, தொண்டையில சிக்கிச் செத்துப்போறாரு. எல்லாரும் சிரிக்கிறாங்க. போலாமா?"

கேட்டுக்கொண்டே பதிவு விளக்கைப் போட்டுவிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தபிறகு எந்த நடிகனும் வாயாடுவதில்லை. ஹனாவாவும் பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டார். வந்த சத்தம் அவருடையது இல்லை. சூப்புக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாலேயே மகனைக் கூப்பிட்ட அப்பாவுடையது. அன்றைக்கு முதுகில் அடித்து அடித்து இவர் கை மரத்துப்போனது. பிசின்மாதிரி ஒட்டிய அந்த அரிசிமாவு மோச்சி வெளியே வரவில்லை.

அந்தப் பக்கம் தோபே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பிரமாதம்!" மியாகேயின் குரல். "இன்னும் ஒண்ணு எடுத்துக்கலாம். கொஞ்சம் காமெடியா."

'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்கிற வழக்கம் இங்கே இல்லை. தொண்டை சரியில்லை என்று இழுப்பார்கள். மறுநாள் நடிகரின் மேனேஜர் வந்து நாசூக்காகச் சொல்வார். அதற்குள் அந்தச் சத்தம் விளையாட்டுக்குள் போய்விடும். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அப்பாவை மறுபடி மறுபடி சாகடித்துச் சிரிப்பார்கள்.

"முடியாதும்மா."

மியாகே திகைத்தாள். "குடலை உருவறதுக்குச் சரின்னீங்களே?"

"குடல் உருவி எங்க வீட்ல யாரும் செத்ததில்ல. மோச்சி அடைச்சுத்தான் எங்கப்பா போனாரு. இப்ப வந்தது அவரோட சத்தம். அதைத் தரமாட்டேன். அழிச்சுடு."

"ஐயோ, அது அவ்வளவு நல்லா..." என்று வாயெடுத்த தோபேயின் கையை விலக்கிவிட்டு, மியாகேயே அழித்தாள். பிறகு உள்ளே வந்து, இடுப்பு வளையக் குனிந்தாள்.

"ரத்தம் இருந்தாத்தான் கேக்கணும்னு நினைச்சுட்டேன். மன்னிச்சுடுங்க. சத்திரக்காரரை வேற எப்படிச் சாகடிக்கலாம்? நீங்களே சொல்லுங்க."

"செத்தே ஆகணுமா?"

"செத்தாத்தானே அவர் இடுப்புல இருக்கற சாவி கதாநாயகன் கைக்கு வரும்."

"பொழச்சுக்கட்டும். பொழச்ச பயத்துல அவரே சாவியைக் குடுத்துட்டு ஓடட்டுமே."

மியாகே யோசித்தாள். "அப்பவும் அடைக்கிற சத்தம் வேணும். அப்புறம் மூச்சு திரும்பி வரணும். உங்களால ஆகுமா? ஆகாதுன்னாலும் தப்பில்ல."

"அடைக்கிறதுக்கு வேற ஆளைப் பாரு," என்றார் ஹனாவா. "மூச்சை நான் குடுக்கறேன்."

அடைப்பைத் தோபே கொடுத்தான், படுகேவலமாக. பூனை தும்முவதுபோல இருந்தது. ஹனாவா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மைக் முன்னால் நின்று, அப்பாவுக்கு வராமலே போன அந்த மூச்சை நீளமாக உள்ளே இழுத்தார்.