தொட்டிலில் வெளுத்த தண்ணீர்

1

ராமாத்தாள் பால்கேனைக் கரையில் வீசிவிட்டுக் குட்டைக்குள் பாய்ந்தாள். நான்கு மூங்கில் குச்சிகளுக்கு நடுவே தண்ணீருக்குள் கட்டியிருந்த துணித்தொட்டிலில், மீன்முட்டைகள் மிதந்த தண்ணீர் பால்போல வெளுத்துக் கிடந்தது.

"ஐயோ, போச்சே!"

(ஒரு நிமிடம், வாசகரே. வார இதழ் ஆசிரியர் என்னிடம் கேட்டது கொலைக் கதை. முதல் பத்தியிலேயே பிணம் விழ வேண்டும் என்றார். எனக்குக் கிடைத்ததோ, 1994 ஆடியில் பவானிக் கரையோரம் ஒரு கெண்டை முட்டையிட்ட கதை. உக்கடம் மீன் மார்க்கெட்டில் முஸ்தபா எனக்கு மீன் வெட்டிக்கொண்டே சொன்னது.)

2

சேல்கெண்டை ஆற்று மீன். புதுவெள்ளம் வந்தால்தான் முட்டையிடும். குட்டையில் விட்டால் வயிறு கொள்ளாத சினையோடு சும்மா சுற்றிவரும். அதை ஏமாற்ற ஒரு வழி உண்டு. வேறொரு கெண்டையின் மூளைக்கடியில் இருக்கும் கடுகளவு சுரப்பியை அரைத்து ஊசியில் ஏற்றினால், வெள்ளம் வந்துவிட்டதாக அதன் உடம்பு நம்பிவிடும். கெண்டைத் தலைகளைக் கொண்டுவந்தவன் முஸ்தபா. ஊசி போட்டவள் ராமாத்தாள். முட்டையிட்டதும் தாயையும் தகப்பனையும் வெளியேற்றியாயிற்று.*

முன்பு இரண்டு முறை முட்டைகள் வெளுத்துச் செத்தன. இந்த முறையும் தவறினால் குட்டையை மூடித் தென்னை வைப்பதாகப் புருஷன் கதிர்வேல் சொல்லிவிட்டான். பொள்ளாச்சியிலிருந்து வந்த கன்றுகள் கரையில் தயாராக நின்றன.

பக்கத்தில் கதிர்வேலும் நின்றான். இடுப்புவரை ஈரம். கைகளில் வெள்ளை.

(வில்லன் சிக்கிவிட்டான்! "சுண்ணாம்புக் கையை அவன் மெல்லத் துடைத்தபோது, கண்களில் ஒரு கொடூரமான…" வேண்டாம், இந்த வாக்கியம் இங்கேயே கிடக்கட்டும். எனக்கே சந்தேகமாக இருக்கிறது. தப்பு செய்தவன் இப்படி வெட்டவெளியில் நிற்பானா?)

* விட்டுவைத்தால் பெற்றவையே தின்றுவிடும். கொலை கேட்ட ஆசிரியருக்கு இந்த அடிக்குறிப்பு.

3

"ஏனுங்க, முட்டை சாகட்டும்னு சுண்ணாம்பக் கொட்டிப்போட்டீங்களா?"

"நானெதுக்கு அம்மணி கொட்டறேன்? நீ பால் ஊத்தப் போனப்ப வந்து பார்த்தேன். நண்டு துணிய அறுத்துப்போட்டிருந்துச்சு. முட்டையெல்லாம் ஓட்டை வழியாப் போய்ட்டிருந்துச்சு. அடியில என்ற வேட்டியக் குடுத்துக் கட்டிப்போட்டேன்."

"எந்த வேட்டி?"

"நோம்பிக்கு எடுத்த கோடி. பழசு அழுக்கா இருக்குதுன்னு…"

முட்டை பார்க்க வந்திருந்த முஸ்தபா தலையில் அடித்துக்கொண்டான். "மாப்ளே! புது வேட்டிய அலசாமயா போட்டீங்க? கஞ்சி மொடமொடன்னு இருக்குமே! குஞ்சு பொரியறதுக்கு முன்னாடியே சோறு வடிச்சு ஊத்தியிருக்கீங்க!"

"எனக்கென்ன தெரியும்? புதுசுன்னா சுத்தம்னு நெனச்சேனுங்க."

"ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க!" என்றாள் ராமாத்தாள்.

கண்ணாடி டம்ளரில் முட்டைகளை அள்ளினாள். நல்ல தண்ணீர் விட்டு அலசினாள். மறுபடி அலசினாள். வெள்ளை கரைந்து போயிற்று. வெந்த ஜவ்வரிசிபோல முட்டைகள் தெளிந்து மிதந்தன. செத்திருந்தால் முட்டையே வெளுத்திருக்கும். இங்கே வெளுத்தது தண்ணீர் மட்டும். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஒரு முட்டைக்குள் நூல்போல வளைந்திருந்த ஏதோ ஒன்று சட்டென்று துடித்தது.

"ஏனுங்க… வாலாட்டுதுங்க!"

கதிர்வேல் அப்படியே கரைச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். முஸ்தபா சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கொக்குகள் பறந்தன.

4

முட்டைகள் வேறு தொட்டிலுக்கு மாறின. மறுநாள் பொரிந்த குஞ்சுகளுக்கு வாய்கூடத் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் வயிற்றில் மஞ்சள்கருப் பையைக் கட்டுச்சோறுபோலச் சுமந்துகொண்டு, வால் ஆட்டி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

அவற்றில் எத்தனை தேறின? குட்டை ஒரு மீன்பண்ணையாகிறது என்று ஒரு முடிவு எழுதினேன். நண்டு திரும்பி வருகிறது என்று இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். அந்தத் தென்னங்கன்றுகளை எங்கே நடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

போவதற்கு முன் ஒன்று. கதிர்வேலின் கைகளில் வெள்ளை என்றேனே, விரல் நுனியில் இருந்ததை மறைத்துவிட்டேன். சொல்லியிருந்தால் வில்லன் அங்கேயே கலைந்திருப்பான். வேட்டியை அவிழ்த்து அலசும்போது ராமாத்தாள்தான் பார்த்தாள். குட்டையை மூடுவதாகச் சொன்ன ஆள், அந்தக் கோடியை முட்டைகளுக்கு அடியில் விரிப்பதற்கு முன், அதன் மூலையில் மஞ்சள் வைத்திருந்தான்.